வன்னியில் வீடு கட்டப் புறப்படுவோர்க்கு

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்லும் பேருந்துகளில் ஒரு தனிவகைப் பயணிகளைக் காண்கிறோம். மண்வெட்டி, அலவாங்கு, சமையற் பாத்திரங்கள், துணிப் பதாகை ஆகியவற்றுடன் ஆசிரியரும் மாணவரும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் செல்கின்றனர். வீடற்ற குடும்பமொன்றுக்கு வீடு கட்டிக்கொடுத்தல் அவர்களுடைய நோக்கம். சில நாட்கள் தங்கி, அத்திவாரம் வெட்டி, கல் சுமந்து, சாந்து குழைத்துவிட்டுத் திரும்புகின்றனர். சிரமதானம் என்ற பழைய பெயரே இதற்கு இன்றும் வழங்குகிறது.

இம்முயற்சியை எள்ளி நகையாடுவோர் நம்மிடையே உளர். நிழலில் அமர்ந்து வெயிலில் நிற்பவனைப் பழிப்பது எளிது. அவர்களுடைய கட்சியில் நான் இல்லை. பரீட்சைப் புள்ளிகளையன்றி வேறெதனையும் எண்ணவொட்டாத கல்வி முறைக்குள் வளர்ந்த இளைஞன் ஒருவன், முன்பின் அறியாத குடும்பத்திற்காகக் கல் சுமக்கப் புறப்படுகிறான் என்றால், அவனிடம் இந்தச் சமுதாயம் இன்னும் கெடுக்காத ஏதோ ஒன்று எஞ்சியிருக்கிறது. அதனை நாம் போற்றவேண்டும். போற்றுவதனாலேயே அவனிடம் ஒரு கேள்வியையும் கேட்கவேண்டும். நீ கட்டும் வீடு யாருடைய நிலத்தில் எழுகிறது?

இக்கேள்வியைக் கேளாமல் செய்யப்படும் சிரமதானம், வீடற்றவனுக்கு உதவுவதைவிட அவனை வீடற்றவனாக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கே கூடுதலாக உதவுகிறது என்பது என் வாதம்.

முதலில் 'காடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தென்னிலங்கையார்க்கு வன்னி வடக்கிலுள்ள காடு. யாழ்ப்பாணத்தார்க்கு அது தெற்கிலுள்ள காடு. திசை வேறாயினும் பார்வை ஒன்றே. இரு சாராரும் அங்கு மனிதரைக் காணுமுன் மரத்தைக் காண்கின்றனர். குளத்தையும் வயலையும் நம்பிப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த பழங்குடிகளின் ஊர்கள் அப்பார்வைக்குத் தென்படுவதில்லை. 1920இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் கீழும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழியும், பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் படித்த வாலிபர்க்கென வகுக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களிலும் இந்நிலம் துண்டு துண்டாக அளந்து வழங்கப்பட்ட வரலாறும் தென்படுவதில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்த காலத்தில் வன்னி மண்ணில் கிடைத்த வருமானம் எத்தனையோ யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கல்வீடாகவும் சீதனமாகவும் பட்டப்படிப்பாகவும் மாறியது. காடு என்று நாம் அழைக்கும் நிலம் நமக்கு ஏற்கெனவே சோறு போட்ட நிலம்.

ஆசிரியர்களாகிய நாம் இச்சொல்லை இன்னொரு பொருளிலும் வழங்குகிறோம். வன்னியின் உட்கிராமப் பாடசாலைக்கு இடமாற்றக் கடிதம் வந்தால், அதனைத் தண்டனையாகவே நம்மிற் பலர் கருதுகின்றனர். வைத்தியச் சான்றிதழ் தேடுவோர் உண்டு. அரசியல்வாதியின் வாசலில் நிற்போர் உண்டு. எவ்வழியும் பலிக்காதபோது விடிகாலையில் பேருந்து ஏறி, நண்பகல் மணியடித்ததும் அதே பேருந்தைப் பிடிக்க ஓடுவோர் உண்டு. அந்தப் பாடசாலையின் கணித ஆசிரியர் வெற்றிடம் ஆண்டுக்கணக்கில் வெற்றிடமாகவே கிடக்கும். அதே கிராமத்திற்கு விடுமுறையில் மூன்று நாள் சிரமதானத்திற்குச் செல்வது மாத்திரம் நமக்குத் தியாகமாகத் தோன்றுகிறது. மூன்று ஆண்டு இருந்து கற்பிக்க மனமில்லாத ஊரில் மூன்று நாள் இருந்து கல் அடுக்குவதைத் தொண்டு என்று எவ்வாறு அழைப்பது? இது எல்லா ஆசிரியர்க்கும் பொருந்தாது. தங்கியிருந்து கற்பித்தோரை அவ்வூர்கள் மறக்கவில்லை. ஆனால் அவர்களைப் பதாகைகளில் நாம் எழுதுவதில்லை.

இனி, அந்த வீடற்றவர் யாரென்று பார்ப்போம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்றும் காணியுரிமை இன்றியோ உரிமை உறுதிப்படாமலோ வாழும் குடும்பங்களில் கணிசமானவை மலையகத்திலிருந்து வந்தவை. அவர்களுடைய முன்னோர் இக்காட்டை முதன்முறை கண்டது குடியேறுவதற்காக அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, கோப்பித் தோட்டங்களை நோக்கி மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற கூலிகளின் பாதை இக்காடுகளினூடாகவே சென்றது. பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர்க்குக் கல்லறை கிடையாது. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தபோது, நாட்டின் பாடநூல்கள் விட்டுவிட்ட ஓர் அத்தியாயத்தையே கால்களால் எழுதினர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்த சட்டவாக்கத்தின்போது தமிழ்த் தலைவர்களும் ஒரே அணியில் நிற்கவில்லை என்பதையும், அப்பிளவின் வழியே 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியது என்பதையும் மாணவர் அறிவர். 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி. 1977 ஓகஸ்ட்டில் வன்செயல். 1981இலும் 1983இலும் மீண்டும் வன்செயல். ஒவ்வோர் அடிக்கும் பின்னர் லயன்களை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் வன்னியை வந்தடைந்தனர்.

வந்தவர்க்கு என்ன கிடைத்தது? காட்டை வெட்டினர், வேரைக் கல்லினர், கிணறு தோண்டினர், நாற்று நட்டனர். நிலத்தின் பெயர் மாத்திரம் பெரும்பாலும் வேறொருவரிடம் இருந்தது. மத்தியதர வகுப்பினர்க்கென வழங்கப்பட்ட காணிகளின் உடைமையாளரிற் பலர் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்தனர். காணியில் 'காவலுக்கு' ஒரு மலையகக் குடும்பத்தைக் குடிசை போட்டு இருத்தினர். அக்குடும்பத்தின் உழைப்பில் காடு காணியாயிற்று, காணி சொத்தாயிற்று. அக்குடும்பமோ காவற்குடும்பமாகவே முதுமை எய்தியது. 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல் அதற்கு மேலதிகக் கூலியாக வழங்கப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் மலையகத்தோடு முடிந்துவிடவில்லை. ஆனையிறவுக்கு அப்பாலும் அதற்கு முகவரி உண்டு.

இவ்விடத்தில் தொண்டு என்பதை வேறு விதமாக விளங்கிக்கொண்ட ஓர் இயக்கத்தை நினைவுகூர்தல் வேண்டும். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை நடுவாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அது. அதனை முன்னின்று நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர். குடாநாட்டு இளைஞர் பலர் அதிற் தொண்டராகச் சேர்ந்தனர். டேவிட் கட்டடக் கலையையே தொழிலாகக் கொண்டவர். வீடு கட்டுவது எப்படி என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அவர்கள் வீட்டிலிருந்து தொடங்கவில்லை, நிலத்திலிருந்து தொடங்கினர். வன்செயலால் துரத்தப்பட்ட குடும்பங்களைக் காணிகளில் இருத்துதல், பயிர் செய்ய உதவுதல், பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்துதல் என்பன முதற் பணிகளாயின. கூரை அதன் பின் வந்தது.

விளைவு யாவரும் அறிந்தது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொலையுண்டார். உயிர் தப்பிய டேவிட், செப்ரெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின்போது வெளியேறி நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். சாந்து குழைப்பவனை எந்த அரசும் சிறையிடுவதில்லை. அமைச்சர் வந்து அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். நிலமற்றவனை நிலத்தில் இருத்துபவனைத்தான் ஆட்சி அஞ்சுகிறது. எந்தத் தொண்டு அதிகாரத்தின் புன்னகையைப் பெறுகிறது, எந்தத் தொண்டு அதன் சினத்தைப் பெறுகிறது என்பதை அளந்து பார்த்தால், சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

காந்தீயத்தின் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு, அது கசப்பானது. அகதிகள் இருத்தப்பட்ட டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய பண்ணைகளிலிருந்து 1984இல் அவர்கள் விரட்டப்பட்டனர். அதே இடத்தில் அரசு சிங்களக் கைதிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் கொண்டுவந்து இருத்தியது. 1984 நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் பெண்களும் குழந்தைகளுமாக அவர்கள் கொல்லப்பட்டனர். முதலில் ஓர் ஏழை விரட்டப்பட்டான்; பின்னர் இன்னோர் ஏழை பலியிடப்பட்டான். உறுதியற்ற மனிதனை எல்லையில் இருத்துவது இரு தரப்பாருக்கும் வசதியாக இருந்தது. வரைபடத்தில் கோடு கீறுவதற்கு அவனுடைய உடல் பயன்பட்டது. அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கொடுப்பதற்கு எவருடைய கையும் எளிதில் நீளவில்லை.

போர் 2009இல் முடிந்தபின் வன்னி முழுவதும் கூரையற்றுக் கிடந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டுப் பின்னர் கட்டங்கட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் பெரும் பகுதி வடக்குக் கிழக்கிற்கு உரியது. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 5,50,000 ரூபா தவணை தவணையாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ளவேண்டும். உதவி பெரிது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சீமெந்தும் மணலும் மரமும் விலையேற, மேசன் கூலியும் ஏற, அத்தொகைக்குள் வீட்டை முடிக்க இயலாத குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. கடன் கொடுக்கும் கம்பனிகளின் வாசலை மிதித்தன. வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

அதன்பின் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனப்பட்டது. வெப்பவலய மண்ணுக்கு ஒவ்வாத, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் ஒரு நாட் கூலிகூடத் தராத அந்தத் திட்டத்தைப் பொறியியலாளரும் கல்விமான்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. கல்லும் சீமெந்தும் கொண்டு இரண்டு வீடு கட்டக்கூடிய பணத்தில் ஓர் உருக்குப் பெட்டியை விற்க முனைந்தவர்களின் கணக்கில் வீடற்றவன் ஒரு சந்தை, அவ்வளவே.

இத்திட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு வாசற்படி இருந்தது. பயனாளியாவதற்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டவேண்டும். பத்திரம் உள்ளவனுக்குப் பணம் வந்தது. பத்திரம் இல்லாதவன் வரிசையின் கடைசிக்குப் போனான். இதனால், எவர் நிலத்தை உழைத்து உருவாக்கினாரோ அவரே வீட்டுக்குத் தகுதியற்றவராக நின்ற விந்தை நிகழ்ந்தது. நம்முடைய சிரமதானக் குழுக்கள் சந்திப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வரிசையைத்தான். 'அரசும் கைவிட்டது, தொண்டு நிறுவனமும் கைவிட்டது, நாமாவது கட்டிக்கொடுப்போம்' என்ற இரக்கம் அங்கேயே பிறக்கிறது. அரசு ஏன் கைவிட்டது என்ற ஆராய்ச்சி அங்கே பிறப்பதில்லை.

நிலம் தனியார் ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம். இருபது முப்பது ஆண்டுகள் ஒருவரின் அனுமதியோடு அவருடைய காணியில் குடியிருந்தவர், அந்தக் காலக் கணக்கைக் காட்டி உரிமை கோர நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எதிர்த்து ஆண்டவனுக்கே நீண்டகால ஆட்சி உரிமையாகும்; விசுவாசத்துடன் காவலிருந்தவனுக்கு ஆகாது. போதாதற்கு, இடம்பெயர்ந்த உடைமையாளரைக் காக்கவென 2016இல் இயற்றப்பட்ட சட்டம், போர் ஆண்டுகளை அவருக்கு எதிராகக் கணக்கிடாதவாறு செய்துள்ளது. துரத்தப்பட்டு வந்த உடைமையாளர்க்கு அது நீதியே. காணியை நெடுங்காலம் காத்தவனுக்கு அதற்கிணையான நீதி எங்கே? இந்நிலையில் நீங்கள் அவனுக்கு ஒரு கல்வீடு கட்டிக்கொடுக்கிறீர்கள். நாளை கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உடைமையாளர் வருகிறார். காணியின் பெறுமதி உயர்ந்திருக்கிறது, கிணறு இருக்கிறது, வீடும் இருக்கிறது. 'எழும்பு' என்ற ஒரு சொல்தான் அவருக்குத் தேவை. உங்கள் வியர்வை யாருக்குத் தானமாயிற்று?

நிலம் அரசுடையது என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை வேறுபடுவதில்லை. பத்திரமில்லாதவன் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவன். அவனுக்கு வங்கிக் கடன் கிடையாது. வெள்ளம் பயிரை அழித்தால் நட்டஈட்டுக்கு அவன் தொங்கவேண்டும். பத்திரம் இருந்த குடும்பங்களிலும் நீதி முழுமையாக இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022இற்றான் அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் பெண்பிள்ளைகளைப் படலைக்கு வெளியே நிறுத்திய சட்டத்தை, எத்தனை வீடுகள் கட்டினும் ஒரு சிரமதானத்தால் அசைத்திருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவானது, நேராகவே எதிர்கொள்வோம். 'நீங்கள் உரிமை பேசி முடிப்பதற்குள் மாரி வந்துவிடும். குழந்தை நனைகிறது. உறுதி கிடைக்கும்வரை அது நனையவேண்டுமா?' என்பர். நனையக்கூடாது. நனையாமலிருக்கக் கப்பு நட்டு, வளை வைத்து, கிடுகோ தகரமோ போட்டு ஒரு கொட்டிலை இரண்டு நாளில் எழுப்பலாம். அதனை நம் கிராமத்தவர் எவரும் அறிவர். அவசரத்துக்கு உரியது கொட்டில். கல்வீடு அவசரத்துக்கு உரியதன்று. அது ஒரு தலைமுறைக்கு உரியது. தலைமுறைக்கு உரியதை ஒரு வார உணர்ச்சியில் கட்டுவதும், அதன் அடியிலுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுவோரை 'அரசியல் பேசுகிறார்கள்' என்று ஒதுக்குவதும் குழந்தையின்பால் கொண்ட அன்பினால் மாத்திரம் நிகழ்வன அல்ல. நிலத்தைப் பற்றிப் பேசினால் சங்கடப்படுவோர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கூறவேண்டும். அந்தக் குடும்பத்தில் இல்லாதது கை அன்று. காட்டை வெட்டிய கைகள் அவை. அயலிலேயே வேலையற்ற மேசனும் கூலியாளும் இருப்பர். மாணவர் எழுப்பிய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நில்லாமல், அவர்கள் திரும்பிய பின்னர் மேசன் அதனைப் பிரித்துக் கட்டினால் அதில் வியப்பில்லை. கல் வைப்பது ஒரு தொழில், அதற்கும் பயிற்சி வேண்டும். பதினைந்து பேர் வந்து போகும் செலவையும் உணவுச் செலவையும் கூட்டிப் பார்த்தால், ஒரு மேசனுக்கும் கையாளுக்கும் சில வாரக் கூலி ஆகும். கூலியில்லா உழைப்பு, கூலியை நம்பி வாழ்பவனின் நாட்கூலியைத் தின்றுவிடலாகாது.

ஆசிரியர் ஒருவர் மாணவரை அழைத்துச் சென்று தொடங்கிய சிரமதானத்தின் கதை இந்நாட்டிலேயே உண்டு. கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய இயக்கத்தின் தோற்றுவாய் அது. கனத்தொலுவ, சிங்களச் சமுதாயம் தீண்டத்தகாதவராக ஒதுக்கிய ரொடி மக்களின் ஊர். நகரத்துப் பௌத்தக் கல்லூரி மாணவர் அங்கு சென்று உடனுண்டு உழைத்ததில், வெட்டிய மண்ணைவிடத் தாண்டிய சாதிக்கோடே பெரிது. அந்தத் தொடக்கத்தின் உட்பொருளை விட்டுவிட்டு அதன் மண்வெட்டியை மாத்திரம் நாம் இரவல் வாங்கியிருக்கிறோம். பின்னாளில் சிரமதானம் அரச விழாக்களின் அங்கமாகவும் ஆயிற்று. உழைப்பைத் தானம் செய்யுமாறு ஏழையைக் கேட்பது, நிலத்தைத் தருமாறு உடையவனைக் கேட்பதைவிட எளிதாயிருந்தமையே காரணம்.

இந்தியாவில் வினோபா பாவே 1951 ஏப்பிரல் 18ஆம் திகதி தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலத்தையே கேட்டார். நிலமற்ற தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் வேண்டும் என்றன. நிலவுடைமையாளர் ஒருவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதானம் அவ்வாறு பிறந்தது. அந்தக் கொடையாளியின் கை ஏன் அவ்வளவு இலகுவில் திறந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 1946 முதல் அதே தெலுங்கானாவில் விவசாயிகள் ஆயுதம் ஏந்தி நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். தானத்தின் பின்னால் போராட்டம் நின்றது. போராட்டத்தின் அழுத்தம் தளர்ந்தபின் கிடைத்த நிலங்களிற் பெரும் பகுதி பயிரிட உதவாததாகவும் பங்கிடப்படாததாகவும் கிடந்தது. கொடுப்பவன் மனத்தை மாத்திரம் நம்பிய தானத்தின் எல்லை அதுதான்.

கியூபாவில் 1970களின் தொடக்கத்தில் உருவான நுண்படையணிகள் வேறொரு வழியைக் காட்டின. ஒரு தொழிற்சாலையின் தொழிலாளரிற் சிலர் வேலைத்தலத்திலிருந்து விடுவிக்கப்பட்டு வீடு கட்டினர். அவர்களுடைய சம்பளம் நிற்கவில்லை. எஞ்சியோர் அவர்களுடைய வேலையையும் பகிர்ந்துகொண்டனர். கட்டிய வீடுகளை யாருக்கு வழங்குவது என்பதைத் தொழிலாளர் கூட்டமே தீர்மானித்தது. அவனாவுக்குக் கிழக்கே அலமார் நகரம் அவ்வாறு எழுந்தது. அக்கட்டடங்களின் அழகைக் குறைகூறுவோர் உளர். ஆனால் அங்கு தொண்டு, நிலமும் கூலியும் தீர்மானமும் பொதுவில் இருந்த ஒரு சமுதாயத்தில் நின்றது. இம்மூன்றும் தனியார் கையில் இருக்க, தொண்டை மாத்திரம் பொதுவாக்குவது நம் ஏற்பாடு.

இனி, திசையைத் திருப்புவோம். ஆனையிறவைக் கடக்குமுன்னரே வீடற்றோர் இல்லையா? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோரின் முகாம்கள் பல்லாண்டுகள் நீடித்தன. சிறுகச் சிறுக நிலங்கள் விடுவிக்கப்பட்டு உடைமையாளர் திரும்பியபோது, இறுதிவரை முகாமில் எஞ்சியவர்களிற் பலர் போருக்கு முன்னரும் சொந்தக் காணி இல்லாதோர். அவர்கள் எச்சாதியார் என்பதை யாழ்ப்பாணத்தார் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. விற்பதற்குக் காணி இருந்தும், வாங்குவதற்குப் பணம் இருந்தும், 'அவங்களுக்கு விற்கப்படாது' என்ற எழுதாச் சட்டம் எத்தனையோ ஊர்களில் வேலியாக நிற்கிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் தேநீர்க்கடையையும் கோயில் வாசலையும் திறக்கும் போராட்டத்தைத் தொடக்கிவைத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் வாசல் அடைத்து நின்றோரை நாடறியும். கோயில் வாசலைத் திறந்த அளவுக்குக் காணி வேலியை நாம் திறக்கவில்லை.

தொலைவில் செய்யும் தொண்டுக்கு இதுவே பெரிய வசதி. அங்கு நாம் அந்நியர், எனவே நல்லவர். நம் ஊரின் ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் ஒரு கிணறு வெட்டச் சென்றால் நாம் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன். அடுத்த நாட் காலை தந்தையார் கேள்வி கேட்பார். கனத்தொலுவ வெகுதொலைவில் இல்லை. நம்முடைய பாடசாலை மதிலுக்கு அப்பால் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தது. மண்சரிவில் லயன்கள் புதைந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 'வடக்கிற்கு வாருங்கள், நிலம் இருக்கிறது' என்ற குரல் மீண்டும் கேட்டது. இரக்கம் மிகுந்த குரல்தான். 1977இலும் இதே இரக்கம் இருந்தது. எனவேதான் இப்போதே கேட்கவேண்டியிருக்கிறது. எந்த நிலம்? யாருடைய பெயரில்? எந்தக் குளத்தின் நீரில் பங்கு? இந்த வினாக்களுக்கு எழுத்தில் விடை தராத அழைப்பு, இன்னொரு தலைமுறைக் காவற்குடும்பங்களுக்கான ஆட்சேர்ப்பாகவே முடியும். மலையகத்திலேயே அவர்களுக்குப் பாதுகாப்பான நிலம் பெறும் உரிமை இருக்கிறது. அதனை மறுப்பவர்க்கு நம்முடைய விருந்தோம்பல் ஒரு தப்பும் வழியாக அமைந்துவிடக்கூடாது.

ஆகவே, புறப்பட வேண்டாம் என்கிறேனா? இல்லை, புறப்படுங்கள். ஆனால் அலவாங்கோடு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஊரின் சங்கம் அழைத்தபின் செல்லுங்கள். நீங்கள் தெரிவுசெய்த குடும்பத்துக்கு நீங்கள் விரும்பிய வீட்டைக் கட்டாதீர்கள். முதல் நாள் அத்திவாரம் வெட்டுமுன் வீட்டுக்கு வீடு சென்று, யார் எப்போது வந்தார், எந்தக் காணியில் எவ்வளவு காலம் இருக்கிறார், என்ன பத்திரம் கையிலிருக்கிறது என்று பதிந்துகொள்ளுங்கள். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுங்கள். காணிக் கச்சேரி நடத்தி நிலமற்றோரைத் தெரிவுசெய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதனை நடத்துமாறு கேளுங்கள். எழுத்தறிவு நம்முடைய தொழிற்கருவி. மேசனுக்குக் கரண்டி எப்படியோ நமக்கு விண்ணப்பம் அப்படி. மூன்று நாட் கல் சுமப்பதில் நாம் ஒருபோதும் சிறந்த தொழிலாளியாக மாட்டோம். மூன்று ஆண்டு விடாமல் ஒரு கோப்பைத் துரத்துவதில் நம்மைவிடத் தகுந்தவர் அவ்வூருக்குக் கிடைப்பது அரிது. சேர்த்த பணத்தில் உள்ளூர் மேசனுக்குக் கூலி கொடுங்கள். மாணவர் அவனிடம் கையாளாக நின்று தொழில் கற்கட்டும். அவ்வூர்ப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தால், அதனை ஏற்று அங்கேயே குடியிருங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு இன்னுமொன்று. பேருந்து ஏறுமுன் வீட்டிலிருக்கும் உறுதிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பரந்தனிலோ வட்டக்கச்சியிலோ விசுவமடுவிலோ உங்கள் பாட்டனார் பெயரில், மாமனார் பெயரில், வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா பெயரில் ஏதேனும் காணி உண்டா? அதில் யார் குடியிருக்கிறார்? எத்தனை ஆண்டாக? அவருக்கு என்ன கொடுத்தோம்? இக்கேள்விகளை உங்கள் வீட்டு விறாந்தையில் எழுப்புவது, வன்னி வெயிலில் கல் சுமப்பதைவிடக் கடினம். குடியிருக்கும் குடும்பத்துக்கு இரண்டு பரப்பையாவது எழுதிக் கொடுக்குமாறு உங்கள் உறவினரிற் பத்துப் பேரை நீங்கள் இணங்கச் செய்தால், பத்து வீடுகளின் அத்திவாரத்தை மண்வெட்டி தொடாமலே இட்டவராவீர்கள். அதன்மேல் சுவர் எழுப்புவதற்கு அந்தக் கைகளுக்கு நம் உதவி அதிகம் தேவைப்படாது.